பழைய பைக் பாகங்கள் கைமாறும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பைக் ஓட்டும் நண்பர்கள் தங்களுக்குள் பழைய உதிரிபாகங்களை விற்பதும் மாற்றிக்கொள்வதும் குறித்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

என்னிடம் யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. கோவையில் உள்ள ஒருவர் பிஸ்டனுடன் ஒரு பழைய பிளாக் (எஞ்சினின் சிலிண்டர் பாகம்) தருகிறேன் என்கிறார். ‘இதுவரை போர் போடாதது’, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்காதது, என்றும் சொல்கிறார். அவர் சொல்வதை எப்படி நம்புவது?
*– வாசகர், திண்டுக்கல்*

நம்புவதா வேண்டாமா என்று தவிக்கத் தேவையில்லை, அளந்து பார்த்துவிடலாம். ஆர்எக்ஸ் 100 சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ.தான். 98 சி.சி. என்ற கணக்கு இந்த இரண்டு அளவுகளிலிருந்து வருவது. தேய்ந்த பிளாக்கை லேத்தில் கொடுத்துப் போர் போடும்போது இந்த உள்விட்டம் கால் மி.மீ. படியாகக் கூடிக்கொண்டே போகும். அதற்கேற்ப ஓவர்சைஸ் பிஸ்டன்களும் 0.25, 0.50, 0.75, 1.00 என்ற வரிசையில் கிடைக்கின்றன. ஒரு மி.மீ. வரை போய்விட்ட பிளாக்கில் பொதுவாக மேற்கொண்டு போர் போட முடியாது. புது ஸ்லீவ் (உள்ளே செருகும் உலோகக் குழாய்) அடித்தால்தான் அது பிழைக்கும். எனவே இந்த வரிசையில் அந்தப் பிளாக் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விலை அமைய வேண்டும்.

முதலில், பிஸ்டனின் தலைப்பகுதியில் படிந்திருக்கும் கரியைச் சுரண்டிவிட்டு, அதை நன்றாக வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டனாக இருந்தால் பெரும்பாலும் அந்த எண் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். ‘போர் போடாதது’ என்று சொல்லப்பட்ட பிளாக்கோடு வரும் பிஸ்டனில் 0.50 என்று இருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிஸ்டன் மட்டும் மாற்றி வைக்கப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், பிளாக்கை அவருடைய ஊரிலேயே ஒரு லேத் பட்டறையில் கொடுத்து அளக்கச் சொல்வது நல்லது. மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்தால்தான் சிலிண்டர் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கிறதா என்பது தெரியும். இதற்கான கூலியை நீங்களே ஏற்றுக்கொள்வது முறை.

சைலன்சர் பக்கத்துத் துளையை ஒட்டி உட்சுவரில் நெட்டுக்குத்தான கீறல்கள் தெரிந்தால், அந்த எஞ்சின் ஒருமுறை பிடித்து நின்றிருக்கிறது என்று பொருள். சிலிண்டரில் அதிகமாகச் சூடேறும் பக்கம் அதுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் கலவை குறைந்தால் முதலில் அடிபடுவதும் அங்கேதான். விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் தட்டினால் போர் போட்டே ஆக வேண்டும். அப்படியென்றால் புது பிஸ்டன், ரிங் செட், லேத் கூலி ஆகிய மூன்றையும் அவர் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டே பேச வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிளாக் எந்த வண்டியிலிருந்து, எதற்காகக் கழற்றப்பட்டது என்று கேளுங்கள். பழைய பாகங்கள் மலைபோல் குவிந்து கிடக்கும் கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. சக ஓட்டுநரிடம் வாங்குவதில் உள்ள உண்மையான ஆதாயம், விலை குறைவு என்பதைவிட, இந்தப் பதில் கிடைப்பதுதான் என்பது என் கருத்து.

என்னிடமும் ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. நண்பர் ஒருவர், என் 100 சி.சி. பிளாக்கை எடுத்துக்கொண்டு ஆர்எக்ஸ் 135 பிளாக்கைத் தருகிறேன், மேலே கொஞ்சம் பணம் மட்டும் போதும் என்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?
*– வாசகர், ஈரோடு*

வேண்டாம் என்பதே என் பதில். 135 பிளாக்கின் உள்விட்டம் 58 மி.மீ.; அதைப் பூட்டினால் எஞ்சின் 132 சி.சி. ஆகிவிடும், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 98 என்றுதான் இருக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாலையில் யாரும் பிளாக்கை அளந்து பார்க்கப் போவதில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும் நாளில் அந்த ஆறுதல் உதவாது. தவிர, வண்டியோடு பிறந்த பிளாக்கைக் கொடுத்துவிட்டால் பிறகு அது திரும்பக் கிடைக்காது. பழைய வண்டிக்கு மதிப்பே அதில்தான் இருக்கிறது.

மறைந்த என் அண்ணனின் பழைய புல்லட், விபத்துக்குப் பிறகு வீட்டில் கிடக்கிறது. எஞ்சின், சக்கரங்கள், டேங்க் என்று பிரித்து, புல்லட் வைத்திருப்பவர்களுக்கு விற்றுவிட நினைக்கிறேன். சேசிஸையும் (எண் பொறித்த சட்டகம்) ஆர்.சி.யையும் சேர்த்துக் கொடுத்தால் தனியாக நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்கிறார்.
*– வாசகர், திருச்சி*

அந்த ஒருவரைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். ஓடாத வண்டியின் சேசிஸையும் ஆர்.சி.யையும் மட்டும் குறிவைத்து வாங்க வருபவருக்கு, பெரும்பாலும் வேறொரு வண்டிக்கு அந்த அடையாளத்தைப் பூசும் எண்ணம் இருக்கும். அந்த வண்டி திருட்டு வண்டியாக இருந்து பிடிபட்டால், விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

பிரிப்பதற்கு முன்பே வண்டியின் பதிவை ரத்து செய்துவிடுங்கள். வண்டி இனி எக்காலத்துக்கும் பயன்படாது என்ற நிலைக்கு வந்துவிட்டால், உரிமையாளர் 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. உங்கள் விஷயத்தில் ஆர்.சி. இன்னும் அண்ணன் பெயரில் இருக்கக்கூடும். அப்படியானால் இறப்புச் சான்றிதழுடனும் வாரிசுச் சான்றிதழுடனும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை அணுகி, என்னென்ன ஆவணங்கள் தேவை என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். சேசிஸை விற்கவே வேண்டாம். அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது.

எஞ்சின் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது கிராங்க் கேஸில், அதாவது எஞ்சினின் அடிப்பகுதிக் கூட்டில்தான். ஹெட், பிளாக், கியர்கள், கிளட்ச், டைனமோ ஆகியவற்றில் அந்த எண் இருப்பதில்லை. ஆகவே இவற்றை ஓர் எளிய ரசீதோடு கொடுக்கலாம். கிராங்க் கேஸ் கைமாறினால் ஒரு வண்டியின் அடையாளமே கைமாறுகிறது. அதை வாங்குபவர் தன் ஆர்.சி.யில் எஞ்சின் மாற்றத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு உங்கள் கையொப்பமிட்ட விற்பனைக் கடிதமும், பழைய ஆர்.சி.யின் நகலும் அவருக்குத் தேவைப்படும். கடிதத்தில் இருவர் முகவரி, தேதி, எஞ்சின் எண், தொகை ஆகியவை இருக்கட்டும். வாங்குபவருக்கும் இது காப்புத்தான்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பெட்ரோல் டேங்கை மாற்றிக்கொள்ளும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
*– வாசகி, தஞ்சாவூர்*

ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி டேங்க் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். நெளிவோ துளையோ அங்கே மறைந்திருக்கலாம். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். லேசான துருவைச் சுத்தம் செய்துவிடலாம், செதில் செதிலாக உரிந்தால் வேண்டாம். பார்சலில் அனுப்புவதாக இருந்தால் பெட்ரோலை முழுவதும் வடித்து, கழுவி, வாசனை போகும்வரை திறந்து காயவைத்த பிறகே கட்ட வேண்டும்.

எந்தெந்தப் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது?
*– வாசகர், மதுரை*

ஹெல்மெட், பிரேக் ஷூ, பிரேக் பேட், பிரேக் ஹோஸ். செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் பழையதும் புதியதுமாகக் கலந்து பூட்டினால் புதியது சீக்கிரமே தேய்ந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாமல் அந்த எண்ணைப் பாருங்கள். டிஸ்க் தட்டிலும் இவ்வளவு மெலிந்தால் மாற்ற வேண்டும் என்ற குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும்.

நான் விற்ற கார்புரேட்டருக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் கியூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்கிறார். சரிதானா?
*– வாசகர், வேலூர்*

சரியில்லை. யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் போட வேண்டியதே இல்லை. பின் எண் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அவரை பிளாக் செய்துவிட்டு, கார்புரேட்டரை வேறொருவருக்குக் கொடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.