ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமிக்கு மருந்து ஏன் கேட்பதில்லை?

வேறு வியாதிக்காகப் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் கிருமி ஏன் பெரிய ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்குவதில்லை, அதை எப்படி ஆராய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

க்ளெப்சியெல்லாவை எடுத்துக்கொள்வோம். பலருடைய குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாதான். ஐசியுவில் வென்டிலேட்டர் குழாய், சிறுநீர்க் குழாய், சில நேரம் கழுவாத கை வழியாக நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால்தான் ஆபத்து. அங்கே ஆன்டிபயாட்டிக் நிறையப் புழங்குவதால், மருந்தைத் தாங்கிப் பிழைத்தவையே பெருகுகின்றன.

மற்ற மருந்துகள் கைவிடும்போது கொடுக்கும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கையே உடைத்துப்போடும் நொதி ஒன்றை இப்படிப்பட்ட கிருமிகளில் சில செய்கின்றன. அதன் பெயர் என்டிஎம்-1, 'நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்' என்பதன் சுருக்கம். 2008இல், இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் அது முதலில் தெரியவந்தது. 2010இல் வந்த பெரிய ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததற்கு இங்கே பெரிய சண்டை. அதில் முக்கியமான விஷயம் அமுங்கிப்போனது என்பது என் வருத்தம்: அந்த நொதியைச் செய்யும் மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது, ஒரு பாக்டீரியா அதை வேறு இனத்துக்குக்கூடக் கொடுத்துவிடும்.

ஆய்வகத்தில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த வில்லைகளை வைத்து, சுற்றி எத்தனை மில்லிமீட்டர் வளராமல் இருக்கிறது என்று அளப்பார்கள். அப்புறம், டிஎன்ஏவைப் பல பிரதிகள் எடுத்துப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் இப்படிப்பட்ட மரபணுவைத் தேடுவார்கள். இரண்டு படுக்கைகளில் கிடைத்த கிருமிகளின் முழு மரபணு வரிசையை ஒப்பிட்டால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதா என்பதும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.