தீயலும் அடுக்களை லைட்டும்

கேள்வி: என் ஊர் மார்த்தாண்டம் பக்கம். சென்னையில் வங்கி வேலை, வயது 46. அம்மாவுக்கு 74, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அம்மா வைக்கிற உள்ளித்தீயல் (தேங்காய் வறுத்தரைத்த சின்ன வெங்காயக் குழம்பு) என்றால் எனக்கு உயிர். மழையில் நனைந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவித்த மரச்சீனிக் கிழங்கும் முந்தின நாள் தீயலும் இருக்கும். காலேஜ் ஹாஸ்டலுக்கும் தூக்குவாளியில் அதைத்தான் கொடுத்துவிடுவாள். (என் வீட்டுக்காரர் சேலம். பஞ்சத்துச் சாப்பாடு என்று சிரிப்பார்.) பத்து வருஷமாக அளவு கேட்கிறேன். ‘அளவு என்ன அளவு மக்ளே, கண்ணுதான் அளவு’ என்பாள். ஆனால் மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு) மட்டும் சொல்லிக்கொடுக்கிறாள். மே மாதம் போனபோது நேரிலேயே பார்த்தேன். தேங்காய் வறுக்கும்போது மைனியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ‘நிறம் ஆச்சா பாரு’ என்று கேட்கிறாள். நான் கிட்டே போனால் ‘நீ போய் இரி மக்ளே’ என்று அனுப்பிவிட்டாள். (அன்றைக்குத் தீயல் கொஞ்சம் கசந்தது. அடுக்களை லைட் மங்கல் என்று அம்மா மைனியைக் கோபித்தாள். அதை மாட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.) மறுநாள் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்கும் என்னோடு வரவில்லை, ராத்திரிப் பயணம் வேண்டாமாம். பெற்ற மகளுக்கு இல்லாத கைப்பக்குவம் வந்தவளுக்கா? அம்மாவிடமிருந்து அந்த அளவை எப்படி வாங்குவது?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அளவு என்னிடமே இருக்கிறது, கடைசியில் தருகிறேன். உள்ளித்தீயல் ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை. தக்கலையிலிருந்து கொல்லம் வரைக்கும் வீட்டுக்கு வீடு வைக்கிற குழம்பு. நானும் கல்குளம் தாலுகாக்காரிதான்.

இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது வருகிறது. அம்மாவின் மீன் புளிமுளம், ஆச்சியின் முந்திரிக்கொத்து, எனக்குச் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்லிவிட்டாள். எல்லாக் கடிதத்திலும் ஒரு மைனியோ மருமகளோ திருடி மாதிரி நிற்பாள். உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டிலேயே சேர்த்திருப்பேன். அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதினீர்களே மூன்று வரி, அதுதான் என்னை நிறுத்தியது. தீயல் கசந்தது. லைட் மங்கல் என்றாள். லைட் புதுசு.

எழுதியது நீங்கள்தானே? திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தீயல் எங்கே கசக்கும்? புளியில் கசக்காது, உள்ளியில் கசக்காது. வெந்தயம் கூடினால் கசக்கும், ஆனால் ஐம்பது வருஷம் வைத்த கைக்கு அந்த அளவு தப்பாது. கசப்பது தேங்காயில். திருவிய தேங்காயைச் சீனச்சட்டியில் போட்டுச் சிறுதீயில் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காது, ஈரம் வற்றும், அவ்வளவுதான். பிறகு மஞ்சளிக்கும், செம்பட்டையாகும். செம்பட்டையிலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகிற கடைசி இரண்டு மூன்று நிமிஷத்தில்தான் தீயல் இருக்கிறது. முன்னாலே இறக்கினால் வெறும் தேங்காய்க் குழம்பு. கொஞ்சம் தாண்டினால் கரி. அடுப்பை அணைத்தாலும் இரும்புச் சட்டியின் சூடு விடாது, உடனே வேறு பாத்திரத்தில் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் கடிகாரமும் உதவாது, கரண்டியும் உதவாது. தவிட்டு நிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கிற நூலிழையைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் அம்மா பத்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணுதான் அளவு. நீங்கள் அதை மழுப்பல் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தக் கண் மங்கினால் அவள் என்ன செய்வாள்? பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு ‘நிறம் ஆச்சா பாரு’ என்று கேட்பாள். அது பாடம் நடத்துகிற பேச்சா? பாடம் நடத்துகிறவள் ‘இதோ பாரு, இதுதான் நிறம்’ என்பாள். உங்கள் அம்மா கேள்வி கேட்கிறாள். அந்த வித்தியாசம் காதில் விழாமல் பொறாமைதான் விழுந்திருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் 74 வயதில் புது லைட்டை மங்கல் என்கிறவளுக்கு, ராத்திரி வெளியே போகப் பயப்படுகிறவளுக்கு, முதலில் கேட்க வேண்டியது கண்புரை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயதோடு பழுப்பேறுகிறது. டீக்கறை படிந்த கண்ணாடி டம்ளர் வழியாகப் பார்க்கிற மாதிரி. நிறங்கள் மங்கும், அடர்ந்த நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும், எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் சிதறிக் கூசும். மெல்ல மெல்ல வருவதால் தன் கண் என்று யாரும் நினைப்பதில்லை. பல்பைத் திட்டுவார்கள், கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டுவார்கள், கரண்ட் ஆபீஸைத் திட்டுவார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியுமா என்பது என் சந்தேகம். இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரை அங்கேயும் கை வைக்கும்.

இனி அந்த ‘நீ போய் இரி மக்ளே’. உங்களிடமிருந்து ரகசியத்தை மறைத்தாள் என்கிறீர்கள். மறைத்தாள்தான். நீங்கள் யார்? வருஷத்துக்கு இரண்டு தடவை குழித்துறை ஸ்டேஷனில் இறங்கி, மூன்றாம் நாள் ரயிலேறுகிற மகள். வந்த இடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தால் சாயங்காலத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டுப் போகிற மகள். ‘அம்மாவை இனி அடுப்புப் பக்கம் விடாதீங்க’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். அடுக்களையைப் பறிகொடுத்துவிட்டு அந்த வீட்டில் அவள் எந்த மூலையில் உட்காருவாள்? அந்தப் பயம் இருக்கிறவள் பார்வை போனதை மகளிடம்தான் முதலில் மறைப்பாள். அதுவும் எந்தச் சாப்பாட்டுக்காக மகள் ரயிலேறி வருகிறாளோ அந்தச் சாப்பாட்டிலேயே தவறு விழும்போது.

மைனிக்கு வருகிறேன். லைட் மங்கல் என்று மாமியார் நாத்தனார் முன்னால் கோபித்தாள். மைனி என்ன பதில் சொன்னாள்? ஒன்றும் எழுதவில்லை நீங்கள். ‘இப்பத்தானே அத்தே மாத்தினோம், உங்க கண்ணைக் காட்டுங்க’ என்று உங்கள் எதிரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பக்கம் நியாயம். சொல்லவில்லை. பழியை வாங்கிக்கொண்டு நின்றாள். கிழவியின் கண்ணாக அடுப்படியில் தினமும் நிற்பவளை ‘வந்தவள்’ என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அண்ணனையும் சும்மா விட மாட்டேன். தினமும் அந்தத் தட்டில் சாப்பிடுகிற மனுஷன். குழம்பு மாறியதை நாக்கு சொல்லியிருக்குமே.

எனக்கு இதில் ஒரு கொள்கை உண்டு, ஒளிக்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பெற்றவளைப் பார்க்கிற கடமை மருமகள் தலைக்கு மாறிவிடுகிறது என்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. மகள் அனுப்புகிற பணம் பணம்தான், அது ஆள் இல்லை. தீயலில் பங்கு கேட்கிறவள் கண் ஆஸ்பத்திரி வரிசையிலும் பங்குக்கு நிற்க வேண்டும்.

நான் யோக்கியம் இல்லை. என் மாமியார் தினம் காலையில் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து தருவார். ஒரு நாள் நிறுத்திவிட்டார், முதுகுவலி என்றார். கேட்டுக்கொண்டேன். பிறகு ஒருமுறை அவர் வைத்த துவரனில் (பொரியலில்) புழு கிடந்தது. விருந்தாளிகள் இருக்கும்போதே ‘இதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா’ என்று கேட்டேன். எட்டு மாதம் கழித்து இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் பார்த்தது என் தலையை. ‘இவ்வளவு நரைச்சுப்போச்சா உனக்கு’ என்றார். நான் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

செய்ய வேண்டியது இது. போனில் கேட்காதீர்கள், ‘எனக்கொண்ணும் இல்ல’ என்று சொல்லி வைத்துவிடுவாள். நாலைந்து நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். ‘எனக்குக் கண் பார்க்கணும், துணைக்கு வா’ என்று கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, பொய்யாக இருக்காது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது அது. எங்கே வசதியோ அங்கே போங்கள். மைனியையும் கூட்டிக்கொள்ளுங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அதற்குப் பிறகு சில மணி நேரம் பார்வை கலங்கலாக இருக்கும், அன்றைக்கு அவளை அடுப்பில் நிறுத்தாதீர்கள். புரைதான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் மரத்துப்போக மருந்து கொடுத்து, சின்ன ஆபரேஷனாகச் செய்து, செயற்கை லென்ஸ் வைத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன்பின் டாக்டர் சொல்கிற வரைக்கும் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அடுப்புப் புகை கூடாது. அந்த வாரங்களில் யார் சமைக்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ‘மைனி இருக்கிறாள்’ என்று நினைத்தீர்களானால் இந்தப் பதிலை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.

கண்ணில் குறை இல்லை என்று டாக்டர் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தீயல் ஏன் கசந்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வாசனை தெரிகிறதா, மறதி இருக்கிறதா என்று அவர் கேட்பார்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. பஞ்சத்துச் சாப்பாடு என்பதில் பாதி உண்மைதான். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-ல் பர்மா அரிசி நின்றபோது அந்தக் கிழங்குதான் நம் ஊரைக் காப்பாற்றியது. ஆனால் சிரிக்கிற உரிமை சேலத்துக்காரருக்குக் கிடையாது. அவர் ஊர் ஜவ்வரிசி ஆலைகள் ஓடுவதே இதே கிழங்கில்தான், பெயரை மரவள்ளி என்று மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு அவித்துக் கொடுக்கும்போது முதல் தண்ணீரை வடித்துவிடுங்கள். கட்டுக்கிழங்காக (கசப்பு ரகமாக) இருந்தால் அந்தத் தண்ணீரில் விஷம் இறங்கியிருக்கும். வீட்டுக்காரர் எவ்வளவு சிரித்தாலும் அந்த அளவுக்கு வேண்டாம்.

இனி அளவு. நடுத்தரத் தேங்காய் ஒன்று, திருவியது. உரித்த சின்ன உள்ளி கால் கிலோ, அதில் ஐந்தாறை நறுக்கித் தேங்காயோடு வறுக்க வேண்டும், மீதி குழம்புக்கு. மிளகாய் வத்தல் ஏழு, மல்லி இரண்டு மேஜைக்கரண்டி, நல்லமிளகு கால் டீஸ்பூன், வெந்தயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை இரண்டு கொத்து. தேங்காய் பாதி நிறம் வந்த பிறகுதான் மற்றவை விழ வேண்டும், இல்லாவிட்டால் வெந்தயம் முதலில் கருகும். வறுத்ததை ஆறவிட்டுத் தண்ணீர் தொடாமல் அரையுங்கள், தேங்காயின் எண்ணெய் தானாக விட்டு வரும். மிக்சி சூடானால் நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, தேங்காய் எண்ணெயில் வதக்கிய உள்ளியை அதில் வேகவைத்து, அரைப்பைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுங்கள். அன்றைக்கே பரிமாறாதீர்கள். மறுநாள்தான் அது தீயல்.

நிறத்துக்கு மட்டும் என்னால் அளவு எழுத முடியாது. மைனியிடம் கேளுங்கள். ‘நீ போய் இரி’ என்று அவளும் சொன்னால், அடுக்களை வாசலிலேயே நின்று உள்ளி உரித்துக் கொடுங்கள். கால் கிலோ உரிக்க நேரம் ஆகும்.