வீட்டுக் கோழியும் வாத்தும்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: கடையில் முட்டை வாங்குவதை விட்டுவிட்டு, கொல்லையில் நாலு கோழியும் இரண்டு வாத்தும் வளர்க்கலாம் என்று நினைக்கிறோம். செலவு மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. முதல் ஆண்டில் நிச்சயம் ஆகாது. முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். வாத்துக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டும். உங்கள் கணக்குப்படி மாதம் ஏறக்குறைய 23 கிலோ தீவனம் போகும். கூண்டு, தண்ணீர்த் தொட்டி, மருந்து எல்லாம் அதற்கு மேல். பெரிய பண்ணைக்கு மொத்த விலையில் கிடைக்கும் தீவனம் உங்களுக்குச் சில்லறை விலையில்தான் கிடைக்கும். அதனால் முட்டை விலையில் பண்ணையோடு போட்டி போட முடியாது.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று இட்ட முட்டை, செடிக்கு எரு, வாத்து இருந்தால் நத்தைத் தொல்லை குறைவு: இவற்றுக்காக வளர்ப்பவர்கள் சந்தோஷமாக வளர்க்கிறார்கள். மிச்சம் பிடிக்க ஆரம்பித்தவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள், கஷ்டப்படுவது பறவைகள். முதலில் ஒரு மாதத் தீவனச் செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள். அது உறுத்தவில்லை என்றால் வாங்குங்கள்.

கேள்வி: ஒருநாள் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது. “முட்டையிடத் தயார்” என்று விற்கும் கோழி பல மடங்கு விலை. எது லாபம்?

பதில்: முதன்முறையாக வளர்ப்பவர் என்றால் வளர்ந்த விடைக்கோழியே (முட்டையிடத் தொடங்கும் பருவத்து இளம் பெட்டை) மேல். குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மின்சாரம் போனாலும் அந்தச் சூடு போகக் கூடாது. முதல் முட்டையைப் பார்க்க ஐந்து மாதம் போல ஆகும். அதுவரை தீவனம் உங்கள் கையிலிருந்துதான். இன்னொன்று, பெட்டை, சேவல் பிரிக்காமல் விற்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். பத்துக் குஞ்சு வாங்கி ஐந்து சேவலோடு நிற்பவர்கள் நிறையப் பேர். மலிவு விலையின் மர்மம் இதுதான்.

வளர்ந்த கோழியில் வேறு ஆபத்து. பண்ணையில் கழித்துவிட்ட பழைய கோழியை இளங்கோழி என்று தலையில் கட்டுவார்கள். பையில் போடுவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். இளங்கோழியின் கால் செதில் வழவழப்பாக இருக்கும். முதிர்ந்த கோழிக்குத் தடித்துச் சொரசொரப்பாகும். மஞ்சள் கால் உள்ள இனம் என்றால் இது இன்னும் சுலபம். முட்டையிட இட அந்த மஞ்சள் வெளிறிக்கொண்டே போகும். ஆகவே “இன்னும் முதல் முட்டை இடவில்லை” என்று சொல்லும் கோழியின் கால் வெளுத்திருந்தால் நம்பாதீர்கள். எச்சத்துவாரத்துக்கு இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் முட்டை இன்னும் தொடங்கவில்லை; இரண்டு மூன்று விரல் நுழைந்தால் இட்டுக்கொண்டிருக்கும் கோழி. மூக்கு (அலகு நுனி) வெட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பண்ணையில் வளர்ந்த இளங்கோழிக்கும் மூக்கு வெட்டியிருக்கலாம்.

வயது, பெட்டையா என்பது, எந்தெந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது என்ற மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். மாரெக்ஸ் என்ற, கோழியை முடக்கும் வைரஸ் நோய்க்கான ஊசி குஞ்சு பொரித்த அன்றே போடுவது. வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் புதியதை மூன்று நான்கு வாரமாவது தனியே வைத்திருந்து, பிறகு பழையவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கோழியையும் வாத்தையும் ஒரே கூண்டில் விடலாம் என்று விற்பவர் சொல்கிறார். சரியா?

பதில்: பகலில் ஒரே கொல்லையில் மேயட்டும். இரவில் ஒரே கூண்டு கூடவே கூடாது. விற்பவர்கள் இதைத்தான் அதிகம் மறைக்கிறார்கள். ஒரு கூண்டில் இரண்டும் அடங்கும் என்றால் வியாபாரம் சுலபமாக முடிகிறது அல்லவா!

வாத்துக்குக் குளம் அவசியமில்லை. ஆனால் கண்ணும் மூக்கும் முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும். இல்லையென்றால் மூக்குத் துளை அடைத்துக் கண் நோய் வரும். அந்தத் தண்ணீரை அது வாயில் அள்ளிச் சுற்றிலும் இறைக்கும். தீவனத்தைத் தின்ற வாயோடு போய்த் தண்ணீரைச் சேறாக்கும். அதன் எச்சமும் நீர்த்தது. கோழிக்கு வேண்டியதோ காய்ந்த கூளம். கூளம் நனைந்தால் அம்மோனியா நெடி ஏறும், ரத்தக்கழிச்சல் பரவும். இரவில் கோழி உயரத்தில் கட்டையில் உட்கார்ந்து தூங்கும், வாத்து கீழே படுக்கும். ஒரே கூண்டென்றால் மேலிருப்பதன் எச்சம் கீழிருப்பதன் முதுகில்.

ஆண் வாத்து இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். போதிய பெண் வாத்து இல்லாதபோது அது கோழிமீது ஏறப் பார்க்கும். சேவலுக்கு இல்லாத உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. கோழியின் உடல் அதைத் தாங்காது, உள்காயம் பட்டுச் செத்தும் போகலாம். ஓர் ஆணுக்கு நாலைந்து பெண்ணாவது வேண்டும். முட்டை மட்டும் போதும் என்றால் ஆணே வேண்டாம். வளர்ந்த ஆணுக்கு வால் பக்கம் ஒன்றிரண்டு இறகு மேலே சுருண்டிருக்கும், குரல் கரகரத்துத் தாழ்ந்திருக்கும். உரக்கக் கத்துவது பெண்தான்.

வாத்துக் குஞ்சுக்குக் கோழிக் குஞ்சுத் தீவனத்தை மட்டும் போட்டால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகலாம். நயாசின் என்ற பி வைட்டமின் அதற்குக் கூடுதலாக வேண்டும். வாத்துக்கென்று விற்கும் தீவனம் கிடைக்காவிட்டால் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும் ஈஸ்ட்) கலந்து கொடுக்கலாம். பறவைக் காய்ச்சலையும் நினைவில் வையுங்கள். வாத்து நோய்க்குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கக்கூடும், அதே கிருமி கோழியைச் சாய்த்துவிடும். காட்டுப் பறவைகள் வந்து குடிக்கும் தண்ணீரை உங்கள் பறவைகளுக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய இருப்பு என்று தீவன மூட்டையைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அதுவும் வாத்து இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். வாத்துக் குஞ்சு அந்த நஞ்சை மிகக் குறைந்த அளவில்கூடத் தாங்காது. கட்டி தட்டிய தீவனம், மக்கிய வாடை அடிக்கும் தீவனம் எதுவானாலும் தூரப் போடுங்கள். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும், தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும். குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: சேவல் இல்லாமல் முட்டை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் மட்டும் சேவல் வேண்டும்.

கேள்வி: “ஆறு கோழிக்கு” என்று போட்ட கூண்டு வாங்கினோம். மூன்று விட்டதுமே நெரிசல். ஒன்றைக் கீரி வேறு பிடித்துப் போய்விட்டது. எப்படிப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்?

பதில்: விளம்பரத்தில் உள்ள எண்ணிக்கையை மறந்துவிட்டு அளவுநாடாவை எடுங்கள். ஒரு கோழிக்கு நாலு சதுர அடி உள்ளே, எட்டுப் பத்துச் சதுர அடி வெளியே. நெரிசல் இருந்தால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியையும் நாயையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை வேண்டும், அதைத் தரைக்குக் கீழேயும் இறக்க வேண்டும். நீங்கள் வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். வலையை மட்டும் மாற்றி, மிஞ்சிய இரண்டு கோழிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு 300 முட்டை என்று சொல்லி விற்றார். இரண்டாம் ஆண்டில் பாதிகூட வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: அவர் சொன்ன எண் பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. முட்டைக்கென்றே உருவாக்கிய இனம், முதல் ஆண்டில், பண்ணைத் தீவனமும் நாளுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சமும் பெற்று இடும் கணக்கு அது. இரண்டாம் ஆண்டிலிருந்து குறைந்துகொண்டேதான் வரும். இறகு உதிர்க்கும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் நின்றேவிடும். இனப் பெயரை ரசீதில் எழுதி, வேறு இனத்தைத் தந்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள். வயதால் குறைந்ததற்குக் கேட்க முடியாது.

கோழி ஏழெட்டு ஆண்டு வாழும். முட்டை நின்ற பிறகும் அது தின்னும், நோய்ப்படும், இடம் வேண்டும். வைத்துக் காப்பாற்றுவதா, கொடுத்துவிடுவதா என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். குழந்தைகள் பெயர் வைப்பதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.