மேக்கர் ஸ்பேஸில் ஓடாத வண்டியும் எரியாத விளக்கும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பள்ளி மேக்கர் ஸ்பேஸில், அதாவது பிள்ளைகள் கையால் செய்து பழகும் அறையில், எல்லாக் குழுவும் ஒரே மாதிரி பலூன் கார் செய்கிறார்கள், மேடம். முடித்ததும் ஆர்வமும் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: படிப்படியான தாளைக் கையில் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். பொருளையும் இலக்கையும் மட்டும் சொல்லுங்கள்: ஒரு பலூன், ஓர் அட்டை, மூன்று ஸ்ட்ரா, இரண்டு மூங்கில் குச்சி, நான்கு பாட்டில் மூடி. வண்டி 3 மீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பல வண்டிகள் நகராது. தயவுசெய்து நீங்கள் சரிசெய்து கொடுக்காதீர்கள். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை விரலால் சுண்டிவிடச் சொல்லுங்கள். உடனே நின்றால் உராய்வு: குச்சி ஸ்ட்ராவுக்குள் இறுகியிருக்கும், அல்லது பசை உள்ளே வழிந்திருக்கும். சுற்றியும் தள்ளாடினால் மூடியின் துளை நடுவில் விழவில்லை. அதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை வண்டியைக் கீழே வைக்காது.

ஓடத் தொடங்கியதும்தான் பாடம் தொடங்குகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று முறை ஓட்டி, தூரத்தைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பலூனின் சுற்றளவை நூலால் அளந்து ஒரே அளவுக்கு ஊதுங்கள். இல்லாவிட்டால் எதனால் தூரம் கூடியது என்றே தெரியாது.

கேள்வி: செம்பு டேப் ஒட்டிச் செய்யும் காகித மின்சுற்றில் எல்இடி எரியாமல் பத்துக் குழுவும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள்.

பதில்: கூப்பிடும் முன் அவர்களே பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் எல்இடியின் கால்களை 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் செல்லின் இருபுறமும் நேராக வைக்கட்டும். நீண்ட கால் பிளஸ் பக்கம். எரிந்தால் கோளாறு டேப்பில். அடுத்து மூலைகள்: டேப்பை வெட்டி ஒட்டியிருந்தால் பல டேப்களில் பசைப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தாது, வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். கடைசியாக, இரு டேப்பும் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கட்டும்.

இந்த நேரடிச் சோதனையை 9 வோல்ட் பேட்டரியில் செய்தால் எல்இடி கருகிவிடும். அங்கே 470 ஓம் மின்தடை போடுங்கள்.

சிவப்பு எல்இடியையும் நீல எல்இடியையும் ஒரே செல்லில் பக்க இணைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும் எரியும். அது 2 வோல்ட் அளவிலேயே எரிந்து செல்லின் மின்னழுத்தத்தை இறக்கிவிடும். நீலத்துக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் கொடுங்கள்.

செல்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

கேள்வி: நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் போர்டான ஆர்டுயினோ ஊனோவின் இணைப்பு முனையில் (பின்) மோட்டாரை மாட்டினால் போர்டு ரீசெட் ஆகிறது.

பதில்: ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. சிறிய மோட்டார்கூடக் கிளம்பும்போது சில நூறு கேட்கும். அதனால் இடையில் சுவிட்ச் போல ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர், போர்டின் பின்னோடு சேரும் அதன் பேஸ் காலுக்கு 470 ஓம் மின்தடை, மோட்டாரின் குறுக்கே 1என்4007 டயோடு, அதன் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மோட்டாருக்குத் தனி பேட்டரி. போர்டு, பேட்டரி இரண்டின் மைனஸும் சேர்ந்திருக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

கேள்வி: மதிப்பெண் எதற்குப் போடுவது?

பதில்: நோட்டுக்கு. என்ன நடக்கும் என்று நினைத்தார்கள், அளந்தபோது என்ன வந்தது, எதை ஏன் மாற்றினார்கள். மாடலின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் கைத்திறன் உள்ள ஒருவரே எல்லாம் செய்வார், மற்றவர்கள் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 3டி பிரிண்டர் வாங்கிவிடலாமா?

பதில்: முதல் ஆண்டு வேண்டாம். சின்னப் பொருளுக்கே அரை மணிக்கு மேல் ஆகலாம். 30 பேர் வரிசையில் நிற்பார்கள். குழுவுக்கு ஒரு மல்டிமீட்டரும் குறைந்த சூட்டில் வேலை செய்யும் பசைத் துப்பாக்கியும் வாங்குங்கள்.