பதில்: தாத்தாவின் ஓரறை வீட்டுக்கு வண்ணம் பூசுவது

சிங்கப்பூரின் தோ பாயோவில் தனியாக இருக்கும் தாத்தாவின் ஓரறை வாடகை வீட்டை எட்டு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஞாயிறில் வண்ணம் பூசிவிட நினைக்கிறீர்கள். அவரோ ஒரு பொருளையும் வெளியே விடமாட்டேன் என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் பெயிண்ட் டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

முதலில் கட்டில் சட்டத்தின் இடுக்கில் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சிதான். அதை ஒழிக்காமல் வேலையைத் தொடங்கினால் பூச்சி உங்கள் பைகளில் ஏறி எட்டு வீட்டுக்கும் போகும் (என் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது). மருந்தடிப்பதைத் தொழில் தெரிந்தவர்களிடம் விடுங்கள். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் போதும்.

அவருக்குத் தெரியாமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் போன ஒரு வீட்டில் துருப்பிடித்த பிஸ்கட் டின்னைக் குப்பைப் பையில் போட்டோம். உள்ளே அந்த வீட்டுப் பெரியவருடைய மனைவியின் அடையாள அட்டை. அப்புறம் இரண்டு வாரம் கதவே திறக்கவில்லை.

வீடு வீவகவுடையது (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்). சுவரில் துளையிடுவது, கைப்பிடி பொருத்துவதெல்லாம் கேட்டுவிட்டுத்தான். ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி சிங்கப்பூரின் 'புராஜெக்ட் ஹோம்வொர்க்ஸ்' தொண்டூழியர்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், அவர்களிடம் பேசுங்கள்.

இந்த ஞாயிறு நீங்கள் மட்டும் இரண்டு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். மற்ற ஏழு பேர் பிறகு வரட்டும்.