பிடித்தவருக்கா, ஜெயிக்கிறவருக்கா?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல் பிரைமரி (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்), மனசுக்குப் பிடித்தவர் ஒருவர், ஆனால் ‘அவர் நவம்பர் பொதுத்தேர்தலில் தேறமாட்டார்’ என்று வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார், யாருக்குப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2020-ல் பைடன் விஷயத்தில் அந்தக் கணக்கு பலித்தது. ஆனால் 2004-ஐப் பாருங்கள். ஐயோவா மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஹோவர்ட் டீனை விட்டு ஜான் கெர்ரி பக்கம் பலர் சாய்ந்ததே, வியட்நாமில் போரிட்டவர், அப்போதைய அதிபர் புஷ்ஷைத் தோற்கடிப்பார் என்றுதான். கடைசியில் அந்தப் போர் அனுபவத்தையே எதிர்த்தரப்பு குறிவைத்து அடித்தது; ஒஹாயோ மாநிலத்தில் சுமார் 1,18,000 ஓட்டில் கெர்ரி தோற்க, எல்லாம் போச்சு.

2008 இன்னும் வேடிக்கை. வெள்ளையர்கள் ஒபாமாவுக்குப் போடுவார்களா என்று தென் கரோலைனாவில் கறுப்பின வாக்காளர்களே பலர் தயங்கினார்கள். ஜனவரி 3 அன்று, வெள்ளையர் நிறைந்த ஐயோவாவில் அவர் ஜெயித்ததும் தயக்கம் கரைந்துவிட்டது. அதாவது, ‘ஜெயிப்பார்’ என்ற பெயரே ஜெயித்த பிறகுதான் வருகிறது!

கணக்குப் போட்டே தீருவேன் என்றால், தேசியக் கருத்துக்கணிப்பை விடுங்கள். ஆரம்பத்தில் அது பெயர் தெரிந்தவருக்கே சாதகம். எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களின் நிலவரம் பாருங்கள். 2016-ல் மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைந்த வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானித்தது.

நானாக இருந்தால் பிடித்தவருக்கே போடுவேன். உங்கள் மாநிலத்துப் பிரைமரி கடைசியில் வந்தால் போட்டியே முடிந்திருக்கும், யோசிக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் இன்றே பாருங்கள்: நியூயார்க், பென்சில்வேனியா மாதிரி இடங்களில் கட்சிப் பெயரில் பதிந்திருந்தால்தான் பிரைமரி ஓட்டு, அதற்குக் கெடு முன்னாலேயே முடிந்துவிடும்.