வாடகை டாக்சியுடன் கிராப் செயலியிலும் ஓட்டலாமா?

வணக்கம். சிங்கப்பூரில் நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு எடுத்த டாக்சியை ஓட்டும் நீங்கள், அதே டாக்சியில் கிராப் என்ற வாடகை வண்டிச் செயலியின் அழைப்புகளை ஏற்கலாமா என்றும், மாலையில் நண்பரின் காரை அந்தச் செயலிக்காக ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலாவதற்குத் தடை இல்லை. கிராப் நிறுவனம் ஓட்டுநரைத் தன்னிடமே கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் 2018இல் கிராப்-ஊபர் இணைப்பு பற்றிய தீர்ப்பில் தடுக்கப்பட்டன. ஆயினும் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். மீட்டர் கட்டணமா, செயலி முன்கூட்டியே காட்டும் நிலையான கட்டணமா என்பதையும் ஒவ்வொரு அழைப்பிலும் கவனியுங்கள். தரகுத்தொகை கழிந்தபின் கைக்கு வருவதுதான் உங்கள் வருமானம்.

இரண்டாவதில்தான் சிக்கல். டாக்சி ஓட்டுநர் தொழில் உரிமம் வைத்திருப்பவர் தனியார் வாடகைக் காரையும், அதாவது முன்பதிவு செய்த பயணிகளை ஏற்றும் டாக்சி அல்லாத காரையும், ஓட்டலாம். 2017இல் அறிமுகமான தனியார் வாடகைக் கார் உரிமம் மட்டும் உடையவரோ டாக்சி ஓட்ட முடியாது. ஆகவே உங்கள் உரிமம் போதும், நண்பரின் கார்தான் போதாது. அது தனியார் வாடகைக் காராகப் பதிவுசெய்யப்பட்டு, கண்ணாடியில் அதற்குரிய ஒட்டுவில்லையும், பயணிகளை வாடகைக்கு ஏற்றுவதற்கான காப்புறுதியும் கொண்டிருக்க வேண்டும். சாதாரணக் காப்புறுதியோடு ஓட்டி விபத்து நேர்ந்தால், நட்பும் சேர்ந்து நொறுங்கும். அந்தக் காரில் சாலையோரம் கை காட்டுவோரை ஏற்றவும் கூடாது. அந்த உரிமை டாக்சிக்கு மட்டுமே உண்டு.